பாதிக் காருக்குப் பெயின்ற்

சனிக்கிழமை காலையில் செபநாயகம் காரைக் கழுவுகிறார். நெளிவு சுளிவெல்லாம் வடிவாகத் தெரியவேண்டும். தூசி கிடந்தால் துருப்பிடித்த கறள் எங்கே, கிழிசல் எங்கே என்று பெயின்ற்காரனுக்கு விளங்காது. விளங்காவிட்டால் விலையைக் குறைத்துச் சொல்லிவிடுவான். குறைத்துச் சொன்னால் செபநாயகத்துக்குப் பொல்லாத கோபம் வரும். கழுவி, பழைய சாரத்துண்டால் துடைத்து, மட்காட் ஓட்டைக்குள் சிக்கிக் கிடந்த சருகையும் விரலால் நோண்டி எறிந்துவிட்டு, வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு புறப்படுகிறார். இன்றைக்கு அச்சுவேலி. போன கிழமை அளவெட்டி.

கார் ஒஸ்ரின் ஏ-40. அவர் பிறப்பதற்கு முன்னமே குருநகருக்கு வந்து சேர்ந்துவிட்டது. தகப்பனார் அதில் மீன்பெட்டி ஏற்றினார். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் டிக்கியில் தொடங்கி முன் ஆசனம்வரை ஊறி ஊறி அடித்தகட்டைத் தின்று தீர்த்துவிட்டது. இப்போது மீன் இல்லை. ஞானஸ்நானத்துக்கும் கிளினிக்குக்கும் ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் செபநாயகத்தின் தொழில். எஞ்சினைக் குறை சொல்ல ஒருவரும் பிறக்கவில்லை. நோயெல்லாம் தோலில்தான். முன் ஆசனத்தில் மனைவி மக்டலீனின் காலடியில் ஒரு பலகை போட்டிருக்கிறது. பலகையை நகர்த்தினால் றோட்டுத் தெரியும்.

"மற்றச் சனம் கண்ணாடியாலை ஊர் பாக்குது. நான் காலுக்குக் கீழாலை பாக்கிறன்" என்பார் மக்டலீன்.

வலிகாமத்தில் செபநாயகம் போகாத பெயின்ற் கராச் இல்லை. போய் இறங்கியதும் காரைச் சுற்றிக் காட்டத் தொடங்குவார். "இந்தக் கதவைத் தட்டிப் பாருங்கோ தம்பி, உள்ளுக்கை ஓட்டையை அடைச்ச பட்டிப் பசைதான், தகடு இல்லை. இஞ்சாலை வாங்கோ, உது நான் பனையோடை மோதினது. உதுக்குக் கீழை குனிஞ்சு பாருங்கோ." பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பலகாரம் நீட்டுகிற மாதிரி ஒவ்வொரு ஓட்டையாக நீட்டுவார். கடைசியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்: "அப்ப, எவ்வளவு முடியும்?"

கராச்காரன் ஒரு தொகை சொல்வான். தொகை பெரிதென்றால் செபநாயகத்தின் முகத்தில் வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். அன்று பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் அவர்தான் ராசா. "அளவெட்டியிலை ஆறு லட்சம் எண்டவன். தகடு வெட்டி ஒட்டுறதுக்கு மட்டும் மூண்டு. என்ரை காரைத் தொடுறதெண்டால் சும்மாவே?" வீடு கட்டியவர் செலவைச் சொல்லிப் பெருமைப்படுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். கட்டாத வீட்டின் செலவைச் சொல்லிப் பெருமைப்பட இந்த மனிதருக்குத்தான் தெரியும். டொலர் ஏறி, பெயின்ற் ரின் விலை ஆகாயத்துக்குப் போன வருடம், ஊரே தலையில் கை வைத்துக்கொண்டிருக்க, செபநாயகம் மட்டும் சிரித்த முகத்தோடு திரிந்தார். கார் நின்ற இடத்திலேயே அதன் மதிப்பு இரட்டித்துவிட்டதாம்.

ஒருமுறை ஒரு கராச்காரன், "அறுபதாயிரத்துக்கு அடிச்சுத் தாறன் அண்ணை, மேலாலை ஒரு பூச்சுப் பூசினால் சரி" என்று சொல்லிவிட்டான். பாவம், உதவி செய்கிற நினைப்பில் சொன்னான். செபநாயகம் அவன் கொடுத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டார். அந்த றோட்டாலே இப்போது போவதும் இல்லை.

இப்படியே சனிக்கிழமைகளை ஓட்டியிருப்பார். ஆனால் அவர் வாயே அவருக்கு வினையாக வந்தது. மகள் ஜெசிதா கோயிலில் முதல்நன்மை எடுத்த நாளில், அந்தச் சின்னப் பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு, "உன்ரை கலியாணத்துக்கு உதே காரிலைதான், புதுப் பெயின்ற் அடிச்சுக் கோயிலுக்குக் கொண்டு போவன்" என்று சொல்லியிருந்தார். பிள்ளை வளர்ந்து முன்பள்ளி ரீச்சர் ஆகி, மாப்பிள்ளையும் பொருந்தி, கோயிலில் கலியாண அறிவித்தலாக முதல் ஓலையும் வாசித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் ஏசி போட்ட வெள்ளைக் கார் ஒன்றைப் பொம்பிளைக்கு அனுப்புகிறோம் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். செபநாயகத்துக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. ஒரே மகள். அவள் வேறொருவன் காரில் ஏறிக் கோயிலுக்குப் போக, அப்பன் பின்னால் பஸ்ஸிலா போவது?

பண்டத்தரிப்பில் றெஜி என்று ஒருவன் இருக்கிறான். பழைய கார் என்றால் அவனிடம்தான் போகவேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அவனும் அதையேதான் சொல்வான். செபநாயகம் இம்முறை பெருமைக்குப் போகவில்லை, உண்மையாகவே கேட்கப் போனார். றெஜி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் காரை ஒரு சுற்றுத் தடவினான்.

"எட்டு லட்சம் அண்ணை."

வேறு நாளென்றால் செபநாயகம் பறந்திருப்பார். அன்று கராச் வாசலில் கிடந்த வாங்கில் இருந்துவிட்டார். "ஒரு ரின் பெயின்ற் என்ன விலை தம்பி? அதுக்கு எட்டே?"

"பெயின்ற் அடிக்கிறது கடைசி நாள் சங்கதி அண்ணை. அதுக்கு முந்தித் தகட்டோடை மல்லுக்கட்டவேணும். கறளை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை அடிச்சு வளைச்சு, ஒட்டி, உரஞ்சி, பட்டி வைச்சு, திரும்ப உரஞ்சி… நீங்கள் காசு தாறது உரஞ்சிறதுக்கு."

வீட்டில் மக்டலீன் சீட்டுக்காசு எடுத்து வைத்திருந்தார். அது வேண்டிய தொகையில் பாதிக்குத்தான் வரும். "சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்" என்று தலையில் அடித்துக்கொண்டு, எரிச்சலில் ஒரு பகிடி விட்டார்: "காசு பாதிதானே கிடக்கு. அப்ப பாதிக் காருக்கு அடியுங்கோவன்."

செபநாயகம் முற்றத்துக்கு ஓடினார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். கரைப்பக்கத்து வீட்டிலிருந்து கோயிலுக்குப் போனால் கோயில் இடது கைப்பக்கம். பொம்பிளை இருப்பது பின் ஆசனத்தில் இடப்பக்கம். இறங்குவதும் இடப்பக்கம். படம் எடுக்கிறவன் நிற்பது கோயில் படியில். வலப்பக்கத்தைப் பார்க்கப்போவது ஆர்? எதிர் வீட்டு மதில்.

"மக்டலீன், உன்னைக் கட்டினதுக்கு இண்டைக்குத்தான் பலன்" என்றார். மக்டலீன் தன் நாக்கை நொந்துகொண்டார்.

றெஜி முதலில் காது கொடுக்கவில்லை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு, பாதிக் கார் என்றாலும் முக்கால்வாசிக் காசு முடியும் என்று கணக்குச் சொன்னான். "கோடு எங்கை போடுறது அண்ணை? பொனற்றுக்கு நடுவாலையோ?" உரஞ்சுகிற வேலையைத் தாங்களே செய்வதாகச் செபநாயகம் பேசித் தீர்த்தார். தகட்டு வேலை முடிந்த பிறகு பின்னேரங்களில் தகப்பனும் மகளும் பண்டத்தரிப்புக்குப் போய், வாளித் தண்ணீரும் அரத்தாளும் வைத்துக்கொண்டு இடப்பக்கத்தை உரஞ்சினார்கள். கலியாணப் பொம்பிளையின் நகமெல்லாம் தேய்ந்தது. றெஜி வந்து கண்ணை மூடித் தடவிவிட்டு, "இஞ்சை இன்னும் மேடு" என்பான். ஜெசிதா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உரஞ்சுவாள். "அப்பா, இந்தக் கையோடை மோதிரம் போட்டால் அவர் பயந்து ஓடப் போறார்" என்பாள். "ஓடினால் வேறை ஆளைப் பாப்பம், காரைப் பாதியிலை விடேலாது" என்பார் செபநாயகம்.

மழை வந்து வேலையைப் பிந்தவைத்தது. கடைசிப் பூச்சு கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம்தான் அடித்து முடிந்தது. நாவற்பழ நிறம். இடப்பக்கம் முகம் பார்க்கலாம். வலப்பக்கம் சாம்பலும் இல்லாமல் நீலமும் இல்லாமல், பனையோடு மோதிய நெளிவோடு பழையபடி.

"ரெண்டு நாளைக்கு ஒருத்தரும் கை வைக்கக்கூடாது அண்ணை. இன்னும் காயாத பச்சைப் பெயின்ற்" என்று சொல்லிக் கார்த் திறப்பைக் கொடுத்தான் றெஜி.

கலியாண நாள். மக்டலீன் பலகையில் காலை வைத்து முன்னால் இருக்க, ஜெசிதா வெள்ளைச் சீலையோடு பின்னால் இருக்க, கார் ஒழுங்கையால் கோயில் றோட்டில் ஏறியது. ஏறியதும் நின்றது. முன்னே ஒரு படகு. உழவு இயந்திரப் பெட்டியில் யாரோ ஏற்றிக்கொண்டு வந்த பைபர் படகு, சில்லு உடைந்து, றோட்டுக்குக் குறுக்கே அப்படியே சரிந்து கிடந்தது. தூக்க ஆள் வரவேண்டுமாம்.

கோயிலில் பூசைக்கு நேரமாகிவிட்டது. செபநாயகம் காரைத் திருப்பிக் குச்சொழுங்கைகளுக்குள்ளால் சுற்றி, கோயில் றோட்டின் மறு அந்தத்துக்கு வந்தார். சந்தியை எட்டியபோதுதான் அவருக்கு உறைத்தது. இந்தப் பக்கத்தால் போனால் கோயில் வலது கைப்பக்கம். படியில் மாப்பிள்ளை வீட்டார், படக்காரன், முழுப் பங்குச் சனம். எல்லோருக்கும் தெரியப்போவது கறளும் பனை நெளிவும். தாண்டிப் போய்த் திருப்பலாமென்றாலும், தாண்டும்போதே பார்த்துவிடுவார்கள்.

"பரவாயில்லை அப்பா, போங்கோ" என்றாள் ஜெசிதா.

"நீ பேசாமல் இரு பிள்ளை."

படகு மறித்த சேதி கேட்டு இந்தச் சந்திக்கு ஓடிவந்து நின்ற கலியாண பாண்ட்காரர் காரைக் கண்டதும் வாத்தியத்தைத் தூக்கினார்கள். செபநாயகம் காரைக் கோயிலுக்கு எதிர்த்திசையில் திருப்பி நிறுத்தினார். பின்பக்கம் கோயிலைப் பார்த்தபடி இருந்தது. பாண்டுக்குத் தலைவர் கனிசியஸ் குழம்பிப்போய் ஓடிவந்தார்.

"அண்ணை, நாங்கள் எந்தப் பக்கத்துக்கு முன்னாலை போறது?"

செபநாயகம் தலையை வெளியே நீட்டி டிக்கியைக் காட்டினார். "இண்டைக்கு உதுதான் முன்பக்கம்."

றிவேர்ஸ் கியரைப் போட்டார். ஒஸ்ரின் ஒரு முனகல் முனகிவிட்டுப் பின்னோக்கி நகர்ந்தது. பாண்ட் முழங்க, அதற்குப் பின்னால் டிக்கி வர, டிக்கிக்குப் பின்னால் பொம்பிளை வர, எல்லாவற்றுக்கும் கடைசியில் முன்விளக்குகள் வர, ஊர்வலம் கோயிலுக்குப் போனது. பின்னோக்கி வந்ததால் இடப்பக்கம் அப்படியே கோயில் படியைப் பார்த்தது. நாவற்பழ நிறம் வெயிலில் மின்னியது. சனம் முதலில் திகைத்தது, பிறகு ஒருவர் கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். பொம்பிளையைப் பின்பக்கமாகக் கொண்டுவருவது குருநகரில் ஏதோ வழமை என்று நினைத்து மாப்பிள்ளை வீட்டாரும் எழும்பி நின்று தட்டினார்கள். மக்டலீன் சீலைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஜெசிதாவின் கண் மை கரைந்து வழிந்தது, அதுவும் சிரிப்பில்தான்.

படிக்கு நேரே கார் நின்றது. செபநாயகம் சுற்றி ஓடிவந்து கதவைத் திறந்தார். ஜெசிதா இறங்கினாள். குதி உயர்ந்த சப்பாத்து மணலுக்குள் புதைய, விழாமல் இருக்க ஒரு கையைக் கதவில் ஊன்றினாள்.

கையை எடுத்தபோது ஐந்து விரலும் உள்ளங்கையும் பெயின்றில் பதிந்திருந்தன. கூட்டத்துக்குள் நின்ற றெஜியின் முகம் கறுத்தது.

"அண்ணை, முழுக் கதவும் திரும்ப உரஞ்சி அடிக்கவேணும்" என்றான்.

பக்கத்தில் நின்றவர்கள் செபநாயகத்தின் வாயையே பார்த்தார்கள். அடுத்து அவர் என்ன கேட்பார் என்று குருநகரில் குஞ்சு குருமானுக்கும் தெரியும்.

செபநாயகம் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்தார். கதவுப் பக்கம் திரும்பாமல், மகளின் கையைப் பிடித்து, நாவற்பழச் சாயத்தை ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டு, அந்தக் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு படியேறினார்.