துர்சுனாய் மறுபடி பந்தாடப் போனாள்

அத்-பாஷி என்ற மலையூரின் பள்ளியில் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு முடிக்கும்போது துர்சுனாயின் கால்கள் மரக்கட்டையாகிவிடும். ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, உடற்பயிற்சி செய் என்று டாக்டரம்மா சொன்னபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. விடியற்காலை பால் கறப்பதில் தொடங்கினால் உடம்பு ஓய்கிற நேரம் ஏது? ஆனாலும் செவ்வாயும் வியாழனும் மாலையில் பள்ளியின் ஆட்டக்கூடத்தில் ஊர்ப் பெண்கள் வாலிபால் ஆடுவார்கள். நாற்பத்தேழு வயதில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

மூன்றாம் மாதம் எம்பிக் குதித்து இறங்கியதில் கணுக்கால் முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்து மறுபடி ஆடப் போன பத்தே நாளில் ஆடுகள் குட்டி போடத் தொடங்கின. அது ஓய்ந்ததும் மாமனார் இறந்தார். நாற்பதாம் நாள் விருந்துவரை அடுப்படியை விட்டு நகர முடியவில்லை. அப்புறம் யாரும் தடுக்கவில்லை, அவளாகத்தான் போகவில்லை. அதுதான் அவளை அரித்தது. எதையும் உருப்படியாக முடிக்காதவள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அணித் தலைவியும் தபால்காரியுமான பக்திகுல் பையோடு எதிரே வந்தால் துர்சுனாய் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள்.

பிப்ரவரியில் ஒருநாள் பக்திகுல் சமையலறைக்கே வந்துவிட்டாள்.

“என்னடி, என்னப் பாத்தா வெறிநாயப் பாத்த மாதிரி ஓடுற?”

“எட்டு மாசமாச்சுக்கா. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது?”

“இருக்கிற மூஞ்சியோட வா. நாங்க என்ன பொண்ணா பாக்கப் போறோம்?”

வியாழனன்று போனாள். ஆட்டத்துக்கு முன் மூன்று சுற்று ஓட வேண்டும். ஒன்றரைச் சுற்றிலேயே மூச்சு முட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“முன்ன மூணும் ஓடுவேன்க்கா.”

“முன்ன எனக்குப் பல்லெல்லாம் இருந்துச்சு. உக்காந்து பந்து பொறுக்கிப் போடு.”

அடுத்த செவ்வாய் கன்றுக்குட்டிக்கு வயிற்றுப்போக்கு, போக முடியவில்லை. மறுநாள் உருளைக்கிழங்கு உரிக்கையில் பழைய திட்டு தானாகவே தொடங்கியது. ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லையே என்று வந்து, பாதியில் அவளுக்கே அலுத்துப்போனது. கால்வலியைவிட இந்தத் திட்டல்லவா எட்டு மாதமாக அவளை வாட்டியிருக்கிறது? கன்று பிழைத்துவிட்டது. ஒரு நாள் போனது. அவ்வளவுதானே.

“சரி, விடு,” என்றாள் வாய்விட்டு.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சமையல் உதவியாள் ஜிபார் திரும்பினாள். “எத விடச் சொல்ற?”

“உன்னச் சொல்லலடி. என்னத்தான் சொன்னேன்.”

வியாழனன்று போனாள். நேற்று முன்தினம் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அதன் பிறகும் எத்தனையோ மாலைகள் தவறின. தவறியதை அவள் எண்ணவில்லை, அடுத்ததற்குப் போனாள்.

“இந்த வயசுல பந்து என்னத்துக்கு? படுத்தா முனகுற,” என்றான் கணவன் மெதெர்.

“போகாதப்பவும் முனகிட்டுத்தானே கெடந்தேன்?”

மே மாதம் இரண்டரைச் சுற்று ஓடினாள். மூன்றாவது இன்னும் கைகூடவில்லை. ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது, மாத்திரையை டாக்டரம்மா நிறுத்தவில்லை. பக்கத்து ஊரோடு ஆடியதில் அவள் அடித்த முதல் பந்து வலையில் மோதி விழுந்தது, இரண்டாவது தாண்டியது. ஆட்டத்தில் அவள் அணி தோற்றது. வீடு திரும்பி வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.