துடுப்பைப் போட்டுவிட்டு ஓடு

டென்மார்க்கின் பிராண்டே நகரில் ஒரு பேஸ்பால் அணி இருக்கிறது என்றால் பிராண்டேக்காரர்களே நம்பமாட்டார்கள். எந்தச் சங்கத்திலும் சேராத, எந்தக் கோப்பைக்கும் ஆடாத அணி. காற்றாலைத் தொழிற்சாலையில் என்னோடு இறக்கை செய்கிற ஒருவன் அமெரிக்காவில் ஒரு வருடம் படித்துவிட்டு, பை நிறையக் கையுறைகளோடு திரும்பி வந்தவன். அவன்தான் அணித்தலைவன். ஒன்பது பேர் தேவை, எட்டுப் பேர்தான் சேர்ந்திருந்தார்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, நான் ஒரு காலத்தில் கிரிக்கெட் ஆடியவன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயதில், இந்த வண்டி வயிற்றோடு, ஒன்பதாவது ஆளானேன்.

பேஸ்பால் துடுப்பு உலக்கை போல உருண்டையாக இருக்கும். அடித்தவுடன் அதைக் கீழே போட்டுவிட்டு, பேஸ் என்கிற வெள்ளை மெத்தையைக் காலால் தொட ஓடவேண்டும். கிரிக்கெட்டில் துடுப்போடு ஓடி, கடைசியில் அதை நீட்டிக் கோட்டைத் தொட்டாலே போதும். வித்தியாசம் என் தலைக்கு விளங்கியது. கைக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு பயிற்சியிலும் உலக்கையைத் தூக்கிக்கொண்டுதான் ஓடினேன்.

எங்கள் தொழிற்சாலையில், பிழை விட்டவர் மற்ற எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். அணியிலும் அதே சட்டம்தான். கேக்குக்குப் பதிலாக நான் மனைவி பொரித்த ரோல்ஸைக் கொண்டுபோனேன். அதன்பிறகு என்னைத் திருத்துவதில் எவனுக்கும் அக்கறை இருக்கவில்லை.

“நீங்கள் அங்க பந்தடிக்கப் போறியளோ, ரோல்ஸ் குடுக்கப் போறியளோ?” என்று மனைவி கேட்டாள்.

ஆனால் பதினாலு வயது மகளிடம், அந்த அணியே என்னை நம்பித்தான் இருக்கிறது என்று அளந்து வைத்திருந்தேன். அணித்தலைவனின் மகள் இவளோடு ஒரே வகுப்பு. அவள் கூப்பிட்டதால்தான் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு இவளும் வரச் சம்மதித்தாள். காரில் ஏறும்போது டேனிஷில் ஒரு நிபந்தனை போட்டாள்.

“வகுப்புப் பிள்ளைகள் வருவினம். நீங்கள் என்ர அப்பா எண்டு ஒருத்தருக்கும் காட்டிக்கொள்ளக் கூடாது.”

“ஓம்,” என்றேன். மனது சுருக்கென்றது. ஒரே ஒரு நல்ல அடி அடித்தால் அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள் என்று வழி முழுக்கக் கணக்குப் போட்டேன்.

பக்கத்து ஊர் அணியோடு ஆட்டம். கடைசிச் சுற்றில் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தோம். மூன்றாவது பேஸில் எங்கள் ஆள் ஒருவன் நின்றான். நான் முதல் பேஸைத் தொட்டுவிட்டால் அவன் ஓட்டம் செல்லும், ஆட்டம் சமன். நான் ஆட்டமிழந்தால் எல்லாம் முடிந்தது. என் முறை வந்தபோது, “துடுப்பைப் போட்டுவிட்டு ஓடு!” என்று தலைவன் கத்தினான். தலையாட்டினேன்.

அடித்தேன். பந்து உருண்டு போனது. வயிறு ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக ஓடினேன். பந்து வருவதற்குள் முழு நீளத்துக்கு விழுந்து, துடுப்பால் மெத்தையைத் தொட்டேன். அழகாகத் தொட்டேன். கால் இரண்டு மீற்றர் பின்னால் கிடந்தது. அது போதாதென்று, எழுந்து நின்று, சதம் அடித்தவனைப் போலத் துடுப்பை வானத்துக்கு உயர்த்திக் காட்டினேன்.

நடுவர் ஆட்டமிழப்பு என்று கைகாட்டினார். எதிரணி துள்ளிக் குதித்தது. மகள் இருந்த பக்கம் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அப்போது வேலியைத் தாண்டி யாரோ ஓடிவந்தார்கள். என் மகள்தான். நடுவரின் முன்னால் நின்று, மைதானம் முழுக்கக் கேட்கும்படி டேனிஷில் கத்தினாள்.

“அவர் பந்துக்கு முதலே தொட்டிட்டார்! கிரிக்கெட்டில இது சரி!”

“இது கிரிக்கெட் இல்லை,” என்றார் நடுவர். “நீ யார்?”

வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அவர்களைப் பார்த்தாள்.

“இவர் என்ர அப்பா,” என்றாள்.

தீர்ப்பு மாறவில்லை, நாங்கள் தோற்றோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கலாம் என்று கையைத் தூக்கினேன். துடுப்பு இன்னும் கையிலேயே இருந்தது.