வலி நின்றுபோன கால்

அப்பாவின் தங்கை, எங்களோடு ஒரே வீட்டில் வசித்த என் அத்தை, தி. நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் இருந்தார். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து ஜூஸ் குடிப்பார்கள். விரித்துக் காட்டுகிறவர் உட்காரக் கூடாது. ஆளில்லாத மதியத்தில் தூணில் சாய்ந்தால்கூடச் சூப்பர்வைசர் முறைப்பார். இப்போது ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. போன மாதம் ஒரு கடையில் பார்த்தேன், நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் துணிக்கட்டு உட்கார்ந்திருந்தது.

கடையில் கொடுத்த செருப்பு முன்பக்கம் குறுகல், அடிப்பக்கம் கட்டை. அத்தையின் வலது பாதத்தில் விரல்களுக்குக் கீழே தோல் காய்த்துத் தடித்து, நடுவில் கால் ஆணி வந்தது. வீட்டுக்கு வந்ததும் குதிகாலை மட்டும் ஊன்றி வாத்து மாதிரி நடப்பார். நான் பின்னாலேயே அதே மாதிரி நடந்து காட்டுவேன். அவரும் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆணி வைத்தியம் நடக்கும். உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவைத்து, ஊறிய தோலை அப்பாவின் பிளேடால் சீவுவார். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய கார்ன் கேப் என்ற மருந்துப் பிளாஸ்திரியை அதன்மேல் ஒட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். அத்தைக்குச் சர்க்கரை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் சர்க்கரை இல்லாமல் காபி குடித்தாரே! காலில் இருக்கும் ஆணிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஒருநாள் பாதத்தை முழுதாக ஊன்றி நடந்து வந்தார்.

"இன்னா மாயமோ தெர்ல, வலி சுத்தமா பூடுச்சு. ஆணி செத்துடுச்சு போலக்கீது."

அப்பா அன்றைக்குப் பிரியாணி வாங்கி வந்தார்.

சில நாளில் வீட்டுக்குள் ஒரு வாடை. எலி செத்துக் கிடக்கிறது என்று அம்மா பீரோவை நகர்த்தித் தேடினார். வாடை அத்தையின் காலிலிருந்து வந்தது. கார்ன் கேப்பை உரித்தபோது அதற்கடியில் சதை கறுத்துக் குழிந்திருந்தது. அதைப் பார்த்த பயம் இன்றும் எனக்குப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அத்தையைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஊசியால் பாதத்தில் அங்கங்கே குத்தினார். அத்தை அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து, "எப்ப சார் குத்துவீங்க?" என்று கேட்டார்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சர்க்கரை இருக்கறவங்க காலை பிளேடால சீவலாமா? அந்த கேப்புல இருக்கறது ஆசிட்மா. ஆணியை மட்டும்தான் அரிக்கணும்னு அதுக்குத் தெரியுமா?" என்றார் டாக்டர். "தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கணும். அகலமா, மெத்துனு செருப்பு போடணும்."

"கடையில இதத்தான் சார் போடணும்" என்றார் அத்தை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் பீற்றிக்கொண்டேன். எங்கள் அத்தையை டாக்டர் எத்தனை குத்து குத்தினாலும் 'ஸ்' என்றுகூடச் சொல்லவில்லை, அவ்வளவு தைரியம் என்றேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

அடுத்த வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வார்டு வாசலில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலிக்கும்போதெல்லாம் விட்டுவிட்டு, வலிக்காத காலை எதற்காக வெட்டினார்கள் என்று எனக்குப் புரியவேயில்லை.