சாயங்காலக் கை

காலையில் உதவியாளர் பிடிமானம், நடை பழகும் நோயாளிக்கு இரண்டடி பின்னால், கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு ஊர்வம்பு பேசியபடி வருவார். மதியம் சாய்ந்ததும் வம்பு நின்றுவிடும், இடைவெளியும் குறையும். வேலை முடிகிற நேரத்தில் அவருடைய மூச்சு நோயாளியின் பிடரியில் படும். "என்னப்பா, முதுகுலயே ஏறிக்குவ போலிருக்கே" என்று அங்கே நடை பழக வரும் என் மாமா ஒருநாள் சலித்துக்கொண்டார்.

பிடிமானம் என்பது நோயாளிகள் வைத்த பெயர். ஆஸ்பத்திரியின் நடைப்பயிற்சிக் கூடத்தில் அவர் உதவியாளர். கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைப்பார், சக்கர நாற்காலிக்கு மாற்றுவார், யாராவது தடுமாறினால் பிடிப்பார். என் மாமாவைப் போல நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த உடம்புகளைப் பகல் முழுக்கத் தூக்கினால் யாருக்குத்தான் கை ஓயாது? ஆனால் மாலையிலும் மாமாவைத் தூக்கிவிடுகிறார், பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக. தூக்க முடிகிற ஆள் எதற்கு இப்படி ஒட்டி நடக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நிதானமா தூக்குறதுக்குக் கை வரும் தம்பி. விழறவங்கள புடிக்கத்தான் வராது. மனசு முன்னாடி போயிடும், கை மெதுவா பின்னாடி வரும்."

கூடத்தின் பிசியோதெரபிஸ்ட் விளக்கினார்: சோர்ந்த தசையில் இழுக்கிற விசையும் குறையும், சுருங்குகிற வேகமும் குறையும். இரண்டும் சேர்ந்து குறைவதால் சட்டென்று செய்ய வேண்டிய வேலைதான் அதிகம் அடிவாங்கும். ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடுமாம்.

அந்த ஓய்வுதான் பிடிமானத்துக்கு வாய்ப்பதில்லை. வீட்டில் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இப்போதுதான் கால் திரும்பி வருகிறது. காலையில் அது கட்டைபோல் விறைத்துக் கிடக்கும், மாலையில்தான் நடக்கிற அளவுக்கு இளகும். இவருடைய கையோ காலையில் நன்றாக இருந்து மாலையில் தளர்ந்துவிடும். போன மாதம் அவர் பக்கத்தில் நிற்கும்போதே அந்த அம்மா விழுந்தார். இவர் கை போய்ச் சேர்வதற்குள் அந்த அம்மாவின் மணிக்கட்டு தரையில் மோதிவிட்டது. இன்னொரு தடவை விழுந்தால் அவள் கட்டிலைவிட்டே இறங்க மாட்டாள் என்று என்னிடம் சொன்னார்.

ஒட்டி நடந்து பாதுகாக்கலாம் என்றால், அந்த அம்மா மாமாவைவிடக் கறார். ஒருநாள் மாலை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது என் முன்னாலேயே கணவரிடம் சொன்னார்: "கையக் கட்டிக்கிட்டு தள்ளி நில்லுங்க. புடிச்சுக்கிட்டு நடந்தா அது என் நடையில்ல, உங்க நடை."

ஆஸ்பத்திரியே பிடிமானம் என்று கூப்பிடும் மனிதர் கையைக் கட்டிக்கொண்டார்.

அந்த அம்மா கட்டிலோரத்திலிருந்து எழுந்து, வாசற்படியை மட்டும் பார்த்து, வலது காலை எடுத்து வைத்தார். பிறகு இடதை இழுத்து வைத்தார். முழங்கால் ஒருமுறை நடுங்கி நின்றது. பின்னால் பிடிமானம் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. கால்களில் பழந்துணி சுற்றிய ஒரு நாற்காலியை, வெறும் பாதத்தால், ஓசை வராமல், மனைவியின் முதுகுக்குப் பின்னாலேயே நகர்த்திக்கொண்டு வந்தார்.