பெல் இல்லாத சைக்கிளும் அமாவாசைக் கூட்டமும்

வியர்வையில் பிசுபிசுத்த கைப்பிடி ரப்பரின் வாடை, சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாப்பாட்டு வேளை வரை உள்ளங்கையை விட்டுப் போகாது. அந்த வாடையோடு சோற்றைப் பிசைவதில் எனக்கு அப்படியொரு பெருமை. எழுபதுகளின் தொடக்கம். காக்களூர்ப் பட்டறையில் வேலை பார்த்த அப்பா புதுசு வாங்கியதும் ஓரங்கட்டிய பழைய சைக்கிளில்தான் திருவள்ளூர்த் தெருக்களில் நான் ஓட்டக் கற்றேன். பாவாடையை இழுத்துச் செருகி, பாருக்கு அடியில் காலை நுழைத்து நான் "அரைப் பெடல்" அடிக்க, பக்கத்து வீட்டுக் கஸ்தூரி கேரியரைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வருவாள்.

எட்டாவதோடு என்னை நிறுத்திவிட அம்மா முடிவு செய்திருந்தாள். உயர்நிலைப் பள்ளி ஊரின் மறுகோடியில் இருந்தது. அவ்வளவு தூரம் பெண்பிள்ளையைத் தனியாக நடக்கவிட அவளுக்கு மனசில்லை. சைக்கிளில் போகிறேன் என்று அடம்பிடித்தேன். "எவன் மேலயாவது உட்டுட்டு வந்து நின்னா யாரு பதில் சொல்றது?" என்றாள். அப்பாதான் ஒரு வழி சொன்னார். "அமாவாசை அன்னிக்கு, கோயில் தெருவுல யாரையும் இடிக்காம ஓட்டிக்கினு போய்ட்டு வரட்டும். வந்துட்டா இஸ்கூலுக்கும் போவட்டும்."

அமாவாசையன்று அந்தத் தெருவில் நடப்பதே பாடு. பெருமாள் கோயில் குளத்தில் வேண்டுதலுக்கு வெல்லம் கரைத்து முழுக்குப் போட்டவர்கள் ஈரத்தலையோடு வீதி முழுக்க நிறைந்திருப்பார்கள். சைக்கிளில் பெல்லும் இல்லை. அதன் மூடியை எவனோ என்றைக்கோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். "சாமி வரும்போது கோயிந்தான்னு கத்துனா அல்லாரும் வழி உடுறாங்க இல்ல, நீயும் கத்து" என்றாள் கஸ்தூரி. எனக்கும் அது பிரமாதமான யோசனையாகப் பட்டது.

பாதித் தெரு வரை வளைத்து வளைத்து வந்துவிட்டேன். கூட்டம் நெருக்கியதும் அடிவயிற்றிலிருந்து "கோவிந்தா" என்று கத்தினேன். ஒருவர்கூட விலகவில்லை. அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, கண்ணை மூடி, "கோவிந்தா" என்று பதில் சொன்னார்கள். நடுவீதியில் ஆணி அடித்ததுபோல் நின்ற அந்தக் கூட்டத்தில், என் முன்சக்கரத்துக்கு நேர் எதிரே கை கூப்பி நின்றவள் என் அம்மா. என்னை வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறாள்.

இரண்டு பிரேக்கையும் பிடித்துக் காலைத் தரையில் ஊன்றினேன். சக்கரம் அவள் புடவைக் கொசுவத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. போச்சு, படிப்பு போச்சு என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அம்மா கண்ணைத் திறந்து சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு என்னை. "நின்னுட்டியே" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைப் போல. பிறகு, "சாமி பேரைச் சொன்னா சனங்க கும்புடாம இன்னா பண்ணும்? வழி உடுங்கன்னு கேளு. ஏறு, நேரா பாத்துக்கினு போ" என்று கூட்டத்தைத் தன் கையாலேயே விலக்கிவிட்டாள். தெருக்கோடி வரை நான் போனேன் என்று சொல்ல முடியாது, பறந்தேன்.

இன்று அந்தத் தெருவில் சைக்கிளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஹாரன் அடிக்கிறார்களே தவிர, வழி கேட்க யாருக்கும் வாயில்லை. போன மாதம் நான் தெருவைக் கடக்கப் போனபோது என் மகள் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, "வேணாம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது, ஓரமா நில்லு" என்றாள். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பையே இந்தத் தெருவில்தான் நான் ஓட்டி வாங்கினேன்.