நாலாவது கேள்வி

அறுபதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியிலிருந்து போட்டில் எர்ணாகுளம் போய் பி.ஏ. பொருளாதாரம் படித்தேன். அந்த வருடம் எங்கள் கல்லூரிக்கு ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் வந்தார். பல நாட்டு மாணவர்களும் ஒரே கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போக வேண்டுமாம். பதில்களைச் சேர்த்து எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒரு பாடப்புத்தகம் போடுவார்களாம்.

கேள்விகளை அவர் ஊரிலேயே தயாரித்துவிட்டார்கள். வீட்டுப் பிள்ளைகளில் யார் பெற்ற பிள்ளை, யார் எடுத்து வளர்த்த பிள்ளை என்றது நாலாவது கேள்வி. இதையெல்லாம் எந்த மடையன் கேட்பான் என்று உரக்கச் சிரித்தவள் நான்.

தாளில் தெருவை மட்டும் குறிக்க வேண்டும், வீட்டார் பெயர் எழுதக்கூடாது, சொந்தத் தெருவுக்குப் போகக்கூடாது என்பது விதி. எங்கள் தெருவுக்கு வேறொரு மாணவி போனாள். பிறகு தாள்களைக் கலைத்து எங்களுக்குப் பங்கிட்டார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் பெரிய அட்டவணையில் ஒரு கோடு போட வேண்டும்.

எனக்கு வந்த தாள்கட்டில் மூன்றாவது எங்கள் தெருவுடையது. வீட்டு மொழி தமிழ். தகப்பனாருக்கு மிளகுக் கிடங்கில் குமாஸ்தா வேலை. மகன் ஆறாம் வகுப்பு, மகள் பி.ஏ. எங்கள் தெருவில் பி.ஏ. படித்த பெண் நான் ஒருத்திதான். நாலாவது கேள்விக்கு எழுதியிருந்தது: மகன், பெற்றது. மகள், பெற்றதல்ல, பிரசவத்தில் இறந்த தங்கையின் குழந்தை.

அந்த வரியை மறுபடியும் படித்தேன். கூடத்தில் மாட்டியிருந்த சித்தி படத்துக்குத் தினமும் பூ வைப்பவள் நான். அம்மா அந்த வேலையைத் தம்பியிடம் ஒரு நாளும் கொடுத்ததில்லை.

தாளோடு அடுத்த போட்டைப் பிடித்தேன். அம்மா சேனை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பத்தொம்பது வருஷமா எங்கிட்ட சொல்லலை. எவளோ ஒருத்திகிட்ட சொல்லியாச்சு!" என்று கத்தினேன்.

தாளைப் பார்த்ததும் அம்மாவின் முகம் வெளுத்தது. "அந்தக் குட்டி பேரு எழுத மாட்டேன்னா. தூர தேசம் போற காயிதம், அங்க யாருக்குடி நம்மளைத் தெரியும்? பேரில்லாத காயிதத்துலயும் பொய் சொல்லி என் தங்கையை இன்னொரு தடவை கொல்லணுமா?"

"அப்போ நான் உன் பொண்ணு இல்லையா?"

"அந்தச் சம்சயம் அவாளுக்கு இருக்கட்டும். உனக்கு எதுக்கு?" என்றவள் அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

மறுநாள் காலை, பூ வைக்கும்போதே சித்தியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கல்லூரிக்குப் போய், பெற்ற பிள்ளைகள் என்ற கட்டத்தில் இரண்டு கோடு போட்டேன்.

அந்தப் புத்தகம் பிறகு எத்தனையோ ஊர்களில் பாடமாயிற்று என்றார்கள். அதில் கொச்சிக் கணக்கு ஒன்று தப்பு. திருத்தச் சொல்லி நான் யாருக்கும் எழுதவில்லை.