நாங்கள் தாண்டிப் போன படி

கண்டியில் எங்கள் வீட்டுக்கு மேல் தெருவிலிருந்து முப்பத்திரண்டு படி இறங்க வேண்டும். ஒன்பதாவது படியின் கல் இரண்டு வருடமாக ஆடிக்கொண்டிருந்தது. நானும் கணவரும் மகளும் அதில் மிதிக்க மாட்டோம். கால் தானாகவே தாண்டிவிடும். பழகிப் போனதில், கல் ஆடுகிறது என்பதே எங்களுக்கு நினைப்பில் இல்லாமல் போனது.

மழை விட்ட ஒரு மத்தியானம், நான் வரவழைத்திருந்த ரைஸ் குக்கரோடு டெலிவரி கம்பெனி ஆள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மேலே நின்றபடி போன் பண்ணினார்.

"அக்கா, வீடு கீழயா? பெட்டிய கொண்டு வரட்டுமா?"

"ஆமாங்க, அப்படியே எறங்கி வாங்க" என்றேன்.

அடுத்து நான் கேட்டது கல் புரளும் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், நாற்பது வயது மதிக்கத்தக்க அந்த மனிதர் படிகளுக்கு நடுவே கிடந்தார். வலது கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. என்னைக் கண்டதும், "பெட்டிக்கு ஒண்ணும் ஆகலயே அக்கா?" என்று கேட்டார்.

தொடை எலும்பு முறிந்துவிட்டது. புசல்லாவையிலிருந்து பஸ் ஏறி அவர் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன்.

"எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் விழுந்ததில்லம்மா. அந்தக் கல்லு ஆடும்னு தெரியும், தாண்டிப் போயிருவோம்."

அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரியுமா? தெரிஞ்சும் அவர எறங்கி வரச் சொன்னீங்களா?"

அவர் கேட்கும்வரை எனக்கு அப்படித் தோன்றவே இல்லை.

மறுநாள் ஒரு மேசனைக் கூப்பிட்டோம். சீமெந்து பூசிக் கல்லை இறுக்க அவருக்கு அரை மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. இரண்டு வருடம் தள்ளிப்போட்ட வேலை அது.

சில வாரங்களில் நட்டஈடு கேட்டு வக்கீல் கடிதம் வந்தது. கணவர் கொதித்தார். "நாம என்ன புடிச்சு தள்ளியா விட்டோம்? மழைத் தண்ணி, அவரு பாத்து வந்திருக்கணும்."

நாங்கள் போய்ப் பார்த்த வக்கீல் யாழ்ப்பாணத்துப் பெண். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தள்ளி விடத் தேவையில்லை. படி உங்கட. கல் ஆடுறது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. வரச் சொன்னதும் நீங்கள்தானே. உங்கட வாசலுக்கு வாற ஆளுக்கு அடிபடாமல் பாக்கிறது உங்கட பொறுப்பு. கவனிப்புக் கடமை எண்டு சட்டம் சொல்றது இதைத்தான்."

பிறகு என்னிடம், "கல் ஆடுறது தெரியுமெண்டு ஆருக்கும் சொன்னனீங்களோ?" என்றார்.

இல்லை என்று சொல்லச் சொல்லிக் கணவரின் கண் கெஞ்சியது.

"சொன்னேன். அவரு சம்சாரத்துக்கிட்டயே சொன்னேன்."

வழக்காடாமல், கேட்டதைக் கொடுத்துத் தீர்த்தோம்.

ஆறு மாதம் கழித்து, விழுந்தவரைப் பார்க்க புசல்லாவைக்குப் போனேன். ஊன்றுகோலோடு அவரே வாசலுக்கு வந்தார். "பாத்து வாங்க அக்கா, முன்னால பாசி புடிச்சிருக்கு" என்றார். நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். மோட்டார் சைக்கிள் இனி ஓட்ட முடியாதாம். கம்பெனிக் களஞ்சியத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்களாம். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார்.